குளத்துக் கரைக்கும் நாடி பார்க்க வேண்டும்



இந்தப் பகுதியில் நான் வழக்கமாகச் சர்க்கரை வியாதி, இரத்தக் கொதிப்பு, பிள்ளைகளின் வயிற்றுப் பூச்சி என்று எழுதி வருகிறேன். இம்முறை தோட்டத்துக் குளத்துக்கு வரும் நோயைப் பற்றி எழுதப் போகிறேன். "டிரசருக்கும் குளத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. கரை உடைந்தால் தண்ணீர் நேரே லயத்துக்குத்தான் போகும். லயத்து ஜனங்கள் நேரே ஆஸ்பத்திரி வாசலுக்குத்தான் வருவார்கள், வர முடிந்தவர்கள்.

நம் நெகிரி செம்பிலான் தோட்டங்கள் மேடும் பள்ளமுமானவை என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு மேட்டுக்கு நடுவில் ஓர் ஓடை ஓடும். ரப்பர் காலத்தில் ஸ்டோருக்கு நிறையத் தண்ணீர் தேவைப்பட்டது. பாலில் கலக்க, ஷீட்டைக் கழுவ, தொட்டிகளைத் தேய்த்து அலம்ப, எல்லாவற்றுக்கும் சுத்தமான தண்ணீர் வேண்டும். ஆகவே ஓடைக்குக் குறுக்கே மண்ணைக் கொட்டி, மிதித்து, இடித்துக் கரை போட்டார்கள். அடியில் ஓர் இரும்புக் குழாய், ஓரத்தில் மிச்சத் தண்ணீர் வழிந்து போக ஒரு கால்வாய். வேலை அவ்வளவுதான். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஸ்டோர் மூடப்பட்டது, கூரைத் தகரமும் போய்விட்டது. குளம் மட்டும் அப்படியே நிற்கிறது. இன்று அதை நாடி வருவது யார்? ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடுகிறவர்கள், பள்ளி விடுமுறையில் குதித்து நீந்துகிற பிள்ளைகள். சில இடங்களில் நிலம் கைமாறி, காசு கொடுத்து மீன் பிடிக்கும் குளமாகவும், பட்டணத்துக்காரர்கள் வந்து தங்கும் சாலேயாகவும் மாறியிருக்கிறது.

இங்கேதான் வில்லங்கம் ஆரம்பிக்கிறது. குளம் வேலைக்குப் பயன்பட்ட வரையில் அதைத் தினமும் ஓர் ஆள் பார்த்தான். தண்ணீர் குறைந்தால் ஸ்டோர் நின்றுவிடும் அல்லவா? உல்லாசத்துக்கு என்று ஆன பிறகு தண்ணீரைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள், கரையை யாரும் பார்ப்பதில்லை.

தமிழ்நாட்டு ஏரிகளைக் கட்டிய நம் பாட்டன்மார் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். கரை, மதகு, கலிங்கு என்று ஒவ்வோர் உறுப்புக்கும் பெயர் வைத்தார்கள். உபரித் தண்ணீர் வழிந்தோடும் இடம்தான் கலிங்கு. மடை திறக்கவும் தண்ணீரைப் பங்கிடவும் நீர்க்கட்டி என்று ஊரே ஓர் ஆளை வைத்து நெல் அளந்தது. மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கோயில் கதையைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1790களில் பிளேஸ் என்ற கலெக்டர் துரை, மழை இரவில் கரை நிற்குமா உடையுமா என்று பார்க்கப் போனார் என்றும், அங்கே இரண்டு வில்லாளிகள் காவல் நிற்பதைக் கண்டார் என்றும் சொல்வார்கள். வில்லாளிகளைக் கண்டது பக்தி விஷயம், அதை விட்டுவிடுவோம். துரையே நடுராத்திரியில் கரைக்குப் போனார் என்பதை மட்டும் கவனியுங்கள்.

பெரிய மனிதர்களின் மீன்குளம்

வேலைக்குக் கட்டிய அணை உல்லாசக் குளமாக மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து இரண்டு சங்கதிகளைச் சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள். நம் தோட்டத்துச் சங்கதி போலவே இருக்கும்.

பென்சில்வேனியா மாநிலத்தில் சவுத் ஃபோர்க் என்ற இடத்தில் ஒரு மண் அணை இருந்தது. உயரம் 72 அடி. படகுக் கால்வாய்க்குத் தண்ணீர் விட அரசாங்கம் கட்டியது. ரயில் வந்ததும் கால்வாய்க்கு வேலை இல்லாமல் போயிற்று, அணை தனியார் கைக்கு மாறியது. இடையில் வைத்திருந்த ஒருவர், அடியில் இருந்த இரும்புக் குழாய்களைப் பெயர்த்துப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார். அதன் பிறகு குளத்துத் தண்ணீரை இறக்க வழியே இல்லை. 1879-இல் பெரும் பணக்காரர்களின் மீன்பிடி கிளப் ஒன்று அதை வாங்கியது. கார்னகி, ஃப்ரிக், மெலன் போன்ற முதலாளிகள் அதில் அங்கத்தினர்கள். குதிரை வண்டிகள் கரைமேல் தாராளமாகப் போகட்டும் என்று கரையின் தலையைச் சற்றுச் சீவினார்கள். விலை கொடுத்து வாங்கி விட்ட மீன்கள் வெளியே போய்விடக் கூடாது என்று, தண்ணீர் வழியும் கால்வாயில் கம்பி வலை அடைத்தார்கள். கரையின் நடுப்பகுதி கொஞ்சம் தாழ்ந்தும் இருந்தது.

அணைக்குக் கீழே 14 மைல் தூரத்தில் ஜான்ஸ்டவுன். இரும்பு ஆலைத் தொழிலாளர்களின் ஊர். 1889 மே 31-ஆம் தேதி பெருமழை. குப்பையும் கிளைகளும் வந்து மீன் வலையில் அடைத்துக்கொண்டன. வழிய வேண்டிய தண்ணீர் வழியவில்லை. தாழ்ந்திருந்த நடுக்கரைமேல் ஏறிப் பாய்ந்து, பிற்பகல் 3 மணி வாக்கில் அணையை அறுத்துக்கொண்டு போனது. ஒரு மணி நேரத்தில் ஜான்ஸ்டவுன் இல்லை. இறந்தவர்கள் 2,209 பேர். அன்று தந்தி மூலம் எச்சரிக்கை போகாமல் இல்லை. ஆனால் "அணை உடையப் போகிறது" என்ற பேச்சை வருஷா வருஷம் கேட்டுச் சலித்துப் போயிருந்த ஜனங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு டைபாய்டு பரவி இன்னும் பலரைக் கொண்டு போயிற்று. செஞ்சிலுவைச் சங்கத்து கிளாரா பார்ட்டன் அம்மையார் ஐந்து மாதம் அங்கேயே தங்கிச் சேவை செய்தார். கிளப் மீது வழக்குப் போட்டவர்களுக்குக் கோர்ட்டில் ஒரு காசும் கிடைக்கவில்லை.

இரண்டாவது, இன்னும் சின்ன அணை. நம் தோட்டத்துக் குளங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பேசக் கூடியது. ஜார்ஜியா மாநிலத்தில் டொக்கோவா நீர்வீழ்ச்சிக்கு மேலே கெல்லி பார்ன்ஸ் அணை. உயரம் சுமார் 40 அடி. கீழே ஒரு பைபிள் கல்லூரி. கல்லூரிக்குக் கொஞ்சம் மின்சாரம் எடுப்பதற்காக இருந்த அணை அது. பழைய கட்டை, கல் தடுப்புக்கு மேல் மண்ணைக் கொட்டி உயர்த்தியிருந்தார்கள். 1957-இல் மின்சாரம் எடுப்பது நின்றது. அதன் பிறகு பொழுதுபோக்குக் குளம். கரையின் சரிவு மிகச் செங்குத்து, மேலெல்லாம் மரம். 1973-இல் எடுத்த ஒரு போட்டோவில் கீழ்ச் சரிவில் மண் சரிந்திருப்பது தெரிகிறது. யாரும் அதை வைத்து ஒன்றும் செய்யவில்லை. 1977 நவம்பர் 6-ஆம் தேதி, மழைக்குப் பிறகு, விடியற்காலை ஒன்றரை மணிக்கு அணை உடைந்தது. கீழே தூங்கிக்கொண்டிருந்த மாணவர் குடும்பங்களில் 39 பேர் இறந்தார்கள். அந்த மாநிலத்தைச் சேர்ந்த ஜிம்மி கார்ட்டர்தான் அப்போது அமெரிக்க அதிபர். அதன் பிறகே, உடைந்தால் கீழே உயிர்ச்சேதம் ஏற்படக் கூடிய அணைகளை இராணுவப் பொறியாளர்களைக் கொண்டு பரிசோதிக்க உத்தரவு போட்டார். நான்கு வருஷத்தில் ஏறத்தாழ 8,800 அணைகளைப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்பு இல்லாதவை என்று தெரிய வந்தது.

"அமெரிக்காவில் நடந்தது, நமக்கு என்ன?" என்று இருந்துவிட முடியாது. 2018 மே 9-ஆம் தேதி இரவு, கென்யா நாட்டில் சோலாய் என்ற இடத்தில், தனியார் தோட்டம் ஒன்றின் மண் அணை உடைந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். கீழே குடியிருந்த ஏழை ஜனங்கள், பிள்ளைகள். இந்தோனேசியாவில் ஜக்கார்த்தா ஓரத்தில் சித்து கிந்துங் என்ற பழைய டச்சுக் காலத்து மண் அணை 2009 மார்ச் 27-ஆம் தேதி விடியுமுன் உடைந்ததில் சுமார் நூறு பேர் போனார்கள். அதுவும் ஜனங்கள் சுற்றிப் பார்க்கப் போகும் ஏரிதான். நான் சொன்ன நான்கில் மூன்று, இருட்டு வேளையில் உடைந்தவை.

நம் மாநிலத்தில் சுங்கை தெரிப், கெலிஞ்சி, தாலாங், கெமெஞ்சே என்று குடிநீருக்கான அரசாங்க அணைகள் இருக்கின்றன. அவற்றுக்கு என்ஜினியர் உண்டு, அளவெடுக்கும் கருவி உண்டு. உலக அணைச் சங்கத்தின் கணக்கில் 15 மீட்டர் உயரம் இருந்தால்தான் பெரிய அணை. அதற்குக் கீழே என்றால் மிக அதிகமாகத் தண்ணீர் தேக்குவதாக இருக்க வேண்டும். தோட்டத்துக் குளம் இந்தக் கணக்கில் எதிலும் வராது. 2017-இல் நம் நாட்டில் அணைப் பாதுகாப்புக்கு வழிகாட்டி வெளியிட்டார்கள், நல்ல காரியம். ஆனால் வழிகாட்டியின் கண்ணில் படாத கரைக்கு, கீழே குடியிருக்கிற நாம்தான் கண்.

கரை காட்டும் அறிகுறிகள்

மனித உடம்பைப் போல மண் கரையும் படுக்கையில் விழும் முன் அறிகுறி காட்டும். எதைப் பார்ப்பது?

முதலில் கசிவு. மண் கரை கொஞ்சம் கசியும், அது இயல்பு. கேள்வி, கசிவது தெளிந்த தண்ணீரா கலங்கலா என்பதே. ஆஸ்பத்திரியில் மூத்திரத்தைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பதில்லையா, அதே வேலைதான். கரையின் அடிவாரத்தில் கசியும் தண்ணீரை ஒரு குப்பியில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் மண் படிந்தால், தண்ணீர் கரையின் உள்ளேயிருந்து மண்ணைத் திருடிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். உள்ளுக்குள் குடல் போல ஒரு துவாரம் ஓடத் தொடங்கியிருக்கும். அது கீழ்ப்பக்கத்திலிருந்து குளத்தை நோக்கி வளரும். குளத்தை எட்டிய பிறகு நாள் கணக்கில்லை, மணிக்கணக்குத்தான். நேற்றைக்கு இன்று கசிவு கூடினாலும், புதிதாக ஓரிடத்தில் மண் நொதநொதவென்று ஆனாலும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஓட்டையை நம் ஆட்கள் களிமண்ணும் சிமெண்டும் வைத்து அடைக்கப் போவார்கள். கூடவே கூடாது! கட்டி பழுத்திருக்கும்போது வாயை மூடிப் பிளாஸ்திரி ஒட்டினால் என்ன ஆகும்? உள்ளேயே அழுத்தம் ஏறி வேறு இடத்தில் உடைக்கும். தண்ணீரை விட்டு மண்ணை மட்டும் நிறுத்தும்படி மணலும் ஜல்லியும் அடுக்கிப் போடுவது ஒரு முறை. அதை என்ஜினியர் பார்த்துச் செய்ய வேண்டும். பயந்துபோய்க் குளத்தை ஒரே நாளில் மடமடவென்று வடிப்பதும் ஆபத்து. ஈரம் ஊறிய உள்சரிவு தாங்க ஆள் இல்லாமல் சரிந்து விழும்.

அடுத்தது கலிங்கு, அதாவது வழிந்தோடும் கால்வாய். மண் கரைமேல் தண்ணீர் ஏறினால் அது தாங்காது, சீனிக்கட்டி போலக் கரையும். ஆகவே கலிங்கு எப்போதும் திறந்திருக்க வேண்டும். ஆகாயத் தாமரை, செம்பனை மட்டை, மீன் ஓடாமல் இருக்கக் கட்டிய வலை, இவைதான் அடைக்கும். மீன் குளம் நடத்துகிறவர் வலை கட்டியிருந்தால் ஜான்ஸ்டவுன் கதையை அவரிடம் சொல்லுங்கள். சிலர் தண்ணீர் கூடுதலாக நிற்கட்டும் என்று கலிங்கின் வாயில் பலகையும் மணல் மூட்டையும் வைப்பார்கள். அது அதைவிட மோசம்.

மரம் கரைக்குப் பலம் என்று பலர் நினைக்கிறார்கள். வேர் மண்ணைப் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த வேர் செத்து மக்கினால் உள்ளே குழாய் போல வழி விட்டுவிடும். புயலில் மரம் சாய்ந்தால் வண்டி மண்ணோடு சாயும். கரைக்குப் புல் போதும், அதுவும் கட்டையாக வெட்டிய புல். புல் உயரமாக இருந்தால் உடும்பு வளையும் எலி வளையும் தெரியாது. கரைமேல் நீளவாக்கில் வெடிப்பு, கீழ்ச் சரிவில் வயிறு தள்ளினது போல வீக்கம், மேலே ஓரிடம் பள்ளமாக இறங்குவது, துருப்பிடித்த பழைய குழாயைச் சுற்றித் தண்ணீர் ஊறுவது, இவற்றையும் சேர்த்துப் பாருங்கள். கரைமேல் இரண்டு முளை அடித்து நூல் கட்டி வைத்தால், கரை இறங்குகிறதா என்று பள்ளிக்கூடப் பிள்ளை கூடச் சொல்லிவிடும்.

தண்ணீரோடு வரும் காய்ச்சல்

கரை கல்லாக நின்றாலும் குளத்துத் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் என் உத்தியோகத்துக்கு அழகல்ல.

2010-இல் பகாங்கில் லுபோக் யூ என்ற குளிக்கும் இடத்தில் ஒரு வாலிபர் மூழ்கிப் போனார். தேடுவதற்கு மீட்புப் படையும் கிராமத்து ஜனங்களுமாக நூற்றைம்பது பேருக்கு மேல் தண்ணீரில் இறங்கினார்கள். பிறகு அவர்களில் பலருக்குக் காய்ச்சல். எட்டுப் பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் கிராமத்து ஆட்கள். பிடித்தவை இரண்டு நோய்கள். ஒன்று எலிக் காய்ச்சல். மற்றது மீலியாய்டோசிஸ், ஈர மண்ணிலும் கலங்கல் தண்ணீரிலும் வாழும் கிருமியால் வருவது. இந்தக் கிருமியை 1911-இல் ரங்கூன் ஆஸ்பத்திரியில் முதலில் கண்டவர்கள் விட்மோர் என்ற வெள்ளைக்கார டாக்டரும் கிருஷ்ணசாமி என்ற நம்மவரும். லுபோக் யூவில் மீலியாய்டோசிஸால் இறந்தவர்களுக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. நம் லயங்களில் சர்க்கரை எத்தனை வீட்டில் இருக்கிறது என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். சர்க்கரைக்காரர்கள், காலில் வெட்டோ புண்ணோ உள்ளவர்கள், மழைக்குப் பிறகு கலங்கிய குளத்தில் இறங்கவே வேண்டாம்.

குளத்தில் இறங்கி ஒன்றிரண்டு வாரத்தில் திடீர்க் காய்ச்சல், கெண்டைக்காலில் தொட முடியாத வலி, கண் சிவப்பு, அதன் பிறகு மஞ்சள், மூத்திரம் குறைவது, இவை எலிக் காய்ச்சலின் குறி. ஒரு மாதம் கழித்தும் வரலாம். பெனடால் போட்டுப் படுத்திருக்காமல் வந்து, "நான் குளத்தில் இறங்கினேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் டெங்கி என்று நினைத்து நாள் போய்விடும். 2014 டிசம்பரில் கிளந்தானில் வெள்ளம் வந்த பிறகு இந்தக் காய்ச்சல் கூடியது. 2010 முதல் இதைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள்.

தண்ணீரில் மூழ்கிய பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இரண்டையும் விட்டுவிடுங்கள். அதில் போவது தண்ணீரல்ல, நேரம். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அமுக்கு, 2 ஊது, 30 அமுக்கு, 2 ஊது. ஆள் வரும் வரையில் நிறுத்தாதீர்கள். இன்னொருவர் 999-க்குக் கூப்பிடட்டும். நீந்தத் தெரியாதவர் குதிக்க வேண்டாம். கயிறு, மூங்கில், காலி எண்ணெய் டின், எது கிடைத்தாலும் எறியுங்கள்.

யாரிடம் சொல்வது?

"எழுதிக் கொடுத்தால் வேலைக்கு ஆபத்து வருமோ" என்று தயங்குகிறவர்கள் உண்டு. தனி ஆளாகப் போகாதீர்கள். கிளைச் செயலாளர் மூலம் கடிதமாகப் போகட்டும். குளம் யாருக்குச் சொந்தம், கரையை யார் பார்க்கிறார்கள், கடைசியாக எப்போது பார்த்தார்கள், இந்த மூன்று கேள்வி போதும். ஒரு நகல் மாவட்ட அலுவலகத்துக்கும், ஒரு நகல் ஜே.பி.எஸ். என்னும் நீர்ப்பாசன வடிகால் இலாகாவுக்கும். குப்பியில் பிடித்த தண்ணீரையும், தேதி போட்ட போட்டோவையும் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டமும் இதில் ஊமையல்ல. இங்கிலாந்தில் ஓர் ஆலை முதலாளி கட்டிய குளம் உடைந்து பக்கத்துச் சுரங்கத்தில் தண்ணீர் புகுந்தது. ரைலண்ட்ஸ் எதிர் ஃபிளெட்சர் என்ற அந்த வழக்கில் 1868-இல் பிரபுக்கள் சபை ஒரு விதி சொன்னது. தப்பினால் நாசம் விளைவிக்கக் கூடிய பொருளைத் தன் நிலத்தில் கொண்டுவந்து சேர்த்து வைப்பவன், அது தப்பி விளைவிக்கும் சேதத்துக்குத் தானே பொறுப்பு. நம் நாட்டு நீதிமன்றங்களிலும் இந்த விதியை எடுத்துப் பேசுகிறார்கள். ஆனால் கோர்ட்டுப் பணம் பிள்ளையைத் திருப்பித் தராது என்பதால் குப்பியும் கடிதமும் முந்திக்கொள்ளட்டும்.

நம் பக்கம் பெருமழை அக்டோபர், நவம்பரிலும் ஏப்ரல் வாக்கிலும் கூடுதல். 2021 டிசம்பரில் பெய்ததைப் போல் கணக்கு மீறியும் பெய்யும். குளத்துக்குக் கீழே குடியிருப்பவர்கள் மழைக்கு முன்பே ஒன்றைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: கரையைப் பார்க்கப் போகும் இரண்டு பேர் யார், அவர்கள் எதைத் தட்டினால் எல்லோரும் எழுந்து எந்த மேட்டுக்குப் போவது. ஓடையோடு கீழே ஓடக் கூடாது. பக்கவாட்டில் மேட்டைப் பார்த்து ஏற வேண்டும். ஓடைத் தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமாக மாறினாலும், மழை விடாமல் பெய்யும்போதே ஓடையில் தண்ணீர் குறைந்தாலும் மேலே ஏதோ நடக்கிறது என்று அறிக. அந்த மேட்டில் கோயில் இருக்கலாம், பள்ளிக்கூடம் இருக்கலாம், பழைய கிராணி பங்களா இருக்கலாம். கிழவர்களையும் கைப்பிள்ளைக்காரிகளையும் யார் கூட்டிக்கொண்டு போவது என்று பெயரோடு எழுதி, ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்ட என்னிடம் ஒரு தாள் கொடுங்கள். பக்கத்து லயத்தில் இருக்கும் வங்காளதேச, இந்தோனேசிய ஆட்களின் பெயரும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். புதிதாக வந்தவர்களுக்கு மேலே குளம் இருப்பதே தெரியாது.